லயன் காமிக்ஸும் லயன் காம்பிராவும்: ஊவா நோக்கில் ஓர் ஆய்வு

வைகாசி மாதம் ஒரு சனிக்கிழமை, கொழும்பிலிருந்து பதுளைக்கு வந்த தனியார் பஸ்ஸின் கொண்டக்டர் என் கையில் ஒரு பார்சலைத் திணித்துவிட்டு இருநூறு ரூபா வாங்கிக்கொண்டார். அனுப்பியவன் வெள்ளவத்தையில் வேலை பார்க்கும் என் அக்கா மகன். உள்ளே இரண்டு புது காமிக்ஸ் புத்தகங்களும் ஒரு கடதாசிப் பெட்டியும் இருந்தன. பெட்டியின் முகத்தில் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக். அதற்குப் பின்னால், மெல்லிய கம்பியால் கையும் காலும் கட்டப்பட்டு, ஒரு சாண் உயரத்தில் ஸ்பைடர்மேன். கூடவே ஒரு துண்டுக் கடதாசி: "மாமா, புத்தகம் உங்களுக்கு. பெட்டி என்னுது. இங்க ரூம்ல கரப்பான் தொல்லை, அதனால அங்க பத்திரமா வைங்க. பெட்டியைத் திறக்கக் கூடாது."

"திறக்கக் கூடாது" என்பதன் கீழ் இரண்டு கோடுகள். இவ்வாய்வு அந்த இரண்டு கோடுகளுக்கு இடையில் பிறந்தது.

ஆய்வுச் சிக்கல் வருமாறு. விளையாட்டுச் சாமானை விலை கொடுத்து வாங்குகிறான் ஒருவன். அவன் அதை வைத்து விளையாடவில்லை. பிறரும் விளையாடக் கூடாது என்கிறான். கேட்டால், கைபடாமல் இருந்தால்தான் மதிப்பு என்கிறான். நான் வளர்ந்த பசறை வீதித் தோட்டத்தில் ஒரு பொம்மை வீட்டுக்கு வந்தால் தலை வேறு உடல் வேறாக ஒரு கிழமை போதும். அதன் பிறகும் தலை தனியாக ஓராண்டு உழைக்கும். இந்த இரண்டு நாகரிகங்களுக்கும் இடையிலான தூரத்தை அளப்பதே என் நோக்கம். ஆய்வுக் களம் பதுளையும் பசறையும் ஹாலி-எலயும். முதன்மைத் தகவலாளி என் அம்மா. வயது, அடையாள அட்டைப்படி 74; அவர் கணக்கில் 77. கொழுந்து மலையில் நாற்பது வருடத்துக்கு மேல் அனுபவம். எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆகவே முன்முடிவுகள் இல்லாத வாசகர்.

சொல்லாராய்ச்சி

சொல்லாராய்ச்சி இல்லாத ஆய்வை ஒருவரும் மதிக்கமாட்டார்கள் என்பதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன். மலையகத்தில் லயன் என்றால் வீடு. வெள்ளைக்காரன் வரிசை என்ற பொருளில் லைன் என்று சொன்னது எங்கள் வாயில் லயன் ஆகி, எழுத்துக்கு வரும்போது குளித்து முழுகி லயம் ஆகிவிட்டது. ஒரு லயன் காம்பிரா பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது எல்லாப் புத்தகங்களும் சொல்லும் கணக்கு. எங்கள் காம்பிராவை நானே முழம் போட்டு அளந்திருக்கிறேன். புத்தகம் கொஞ்சம் தாராளமாகத்தான் சொல்கிறது.

1984 ஆடியில் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. அதன் பிரதி ஒன்று முதன்முதலாக எங்கள் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தபோது ஒருவருக்கும் சந்தேகமே எழவில்லை. இது நமக்கென்றே அடிக்கிற புத்தகம். லயனில் இருக்கிறவர்கள் வாசிப்பது லயன் காமிக்ஸ், பங்களாவில் இருக்கிறவர்களுக்கு வேறு ஏதாவது பங்களா காமிக்ஸ் இருக்கும். ஆங்கிலம் படிப்பித்த வாத்தியார் லயன் என்றால் சிங்கமடா என்று விளக்கினார். பின் வாங்கிலிருந்து ஒரு குரல் கேட்டது: "சிங்கத்துக்கு எதுக்கு சேர் புத்தகம்?" அதற்கு அவரிடம் பதில் இருக்கவில்லை. எனவே எங்கள் விளக்கமே நிலைத்தது.

லயன் வருவதற்கு முன்பே முத்து வந்துவிட்டது. 1972இல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் இரும்புக்கை மாயாவி. கடல் கடந்து, மலை ஏறி, நமுனுகுலை மலையடிவாரம் வரைக்கும் அது வந்து சேர்ந்த பாதையை விளக்க 1964க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து, பிரஜாவுரிமை இல்லாத எங்கள் ஆட்கள் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள். 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. பெரியப்பா இந்தியாக் கணக்கில் விழுந்தார், அப்பா இலங்கைக் கணக்கில். தலைமன்னாரில் கப்பல் ஏறிய பெரியப்பா நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் போய் இன்னொரு தேயிலை மலையிலேயே இறங்கினார். அங்கிருந்து வருடத்தில் இரண்டு மூன்று முறை, பழைய தினத்தந்தித் தாளில் சுற்றி, தம்பி மகனுக்கென்று முத்து காமிக்ஸ் அனுப்புவார். இரண்டு பாகக் கதையில் முதல் பாகம் வரும். அடுத்த பாகம் வாங்கும்போது அவரிடம் தபால் காசு இருக்காது. மக்களைப் பிரித்த ஒப்பந்தம், தொடரும் என்று முடிகிற கதைகளின் பிரஜாவுரிமை பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பதை அரசியல் ஆய்வாளர்கள் கவனிக்கவேயில்லை.

மற்ற வழி பதுளைப் பட்டணத்தில் ஒரு கடை. பழைய காமிக்ஸை ஓர் இரவுக்கு இருபத்தைந்து சதம் வாடகைக்குத் தருவார்கள். கடைக்காரர் பக்கங்களை எண்ணித்தான் கொடுப்பார், எண்ணித்தான் வாங்குவார். 1983 ஆடிக் கலவரத்தில் பதுளையில் கடைகள் எரிந்தபோது அந்தக் கடையும் எரிந்தது. முதல்நிலைத் தரவுகளில் பெரும்பகுதி இவ்வாறு கிடைக்காமற் போனதை ஆய்வின் எல்லைப்பாடுகளில் குறிப்பிடுவது மரபு. குறித்தாயிற்று.

சிங்களச் சித்திரக்கதைகளையும் விட்டுவிடக் கூடாது. 1970களில் சதுட, சித்தர என்று முழுக்க முழுக்கப் படக்கதைகளாலான பத்திரிகைகள் சிங்களத்தில் வந்தன. தோட்டத்துக்குக் கீழே நாட்டில் இருந்த பையன்களிடம் அவை இருந்தன. ஒரு மாயாவிக்கு இரண்டு சித்தர என்பது அன்றைய நாணய மாற்று விகிதம். அவர்களுக்குத் தமிழ் வாசிக்க வராது, எங்களுக்குச் சிங்களம் ஓடாது. இரு தரப்பும் படத்தை மட்டும் பார்த்து, எழுத்தைச் சொந்தமாகப் போட்டுக்கொண்டோம். எங்கள் கதைப்படி அந்தச் சிங்களக் கதாநாயகர்கள் எல்லாரும் காணாமற்போன மாட்டைத்தான் தேடினார்கள்.

மாயாவிப் பிரச்சினை

இரும்புக்கை மாயாவியின் இயற்பெயர் லூயிஸ் கிராண்டேல். 1962இல் இங்கிலாந்தில் வேலியன்ட் என்ற வாராந்தரியில் பிறந்தவர். வலக்கை போய் இரும்புக்கை வைத்தவர். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துபோவார். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். பிளக் ஓட்டைக்குள் விரலை விட்டார், மறைந்தார், வங்கிக் கொள்ளையரைப் பிடித்தார் என்று கதை ஓடும்.

வாசிப்பில் சிக்கல் இங்கேதான். எங்கள் லயனுக்குக் கரண்ட் வந்தது 1996இல். அதற்கு முன்னால் மாயாவி எங்கள் தோட்டத்துக்கு வந்திருந்தால் அவர் மறையவே முடியாது. குப்பி லாம்பைத் தொட்டால் கை சுடுமே தவிர மறையாது. மறைய வேண்டுமென்றால் இரண்டு கட்டை நடந்து ஸ்டோர் என்கிற தேயிலை ஆலைக்குப் போய், டீமேக்கர் ஐயாவிடம் கெஞ்சி, ரோதை ஓடுகிற நேரமாகப் பார்த்துக் கம்பியைப் பிடிக்க வேண்டும். அங்கிருந்து திரும்பி வருவதற்குள் கரண்ட் இறங்கிவிடும். பாதி வழியில், கான் ஓரத்தில், தலை தெரிந்துவிடும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் கங்காணி அவரைப் பேர் கேட்பார். இரும்புக்கை இருந்தால் கவ்வாத்துக்கு நல்லது என்று கத்தியைக் கொடுத்திருப்பார். 1980இல் எங்கள் இஸ்தோப்பில் ஐந்து பையன்கள் கூடி இதை இரண்டு மணி நேரம் விவாதித்து, மாயாவி தோட்டத்துக்கு உதவமாட்டார், பட்டணத்துக்கு மட்டுமே உரியவர் என்று முடிவுகட்டினோம். நாற்பத்திரண்டு வருடம் கழித்து, 2022 மார்ச் 31ஆம் திகதி, நாடு முழுக்க 13 மணி நேரம் மின்சாரம் நிறுத்தப்பட்டது. அன்று கொழும்பும் மாயாவிக்கு உதவாத தோட்டமாயிற்று.

அந்த மின்வெட்டு இரவுகளில் ஒன்றில், குப்பி லாம்பு வெளிச்சத்தில், நான் மாயாவியை அம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அவர் ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தார். ஆள் மறைந்து கை மட்டும் தெரிகிற படத்தை லாம்புக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டி, "பாத்தீங்களாம்மா!" என்றேன். பிசைவதை நிறுத்தாமல் எட்டிப் பார்த்தார்.

"இதுல என்னாடா அதிசயம்? எங்களுக்குங்கூட கையி மட்டுந்தானே தொரைக்குத் தெரியுது."

கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த அவர் விரல்களில் மா வெள்ளையாக ஒட்டியிருந்தது. அதன் பிறகு இலக்கியத் திறனாய்வு என்ற பேரில் எவ்வளவோ வாசித்துவிட்டேன். மாயாவி பற்றி அதற்கு மேல் யாரும் எழுதியதாகத் தெரியவில்லை.

இன்னொரு பிரச்சினை, மாயாவி ஒருவரா இருவரா என்பது. லயன் தொடங்கிய அதே 1984இல் தினத்தந்திக் குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸும் வந்தது. அது ஒரு முகமூடி வீரரை மாயாவி என்று அழைத்தது. அவர் காட்டில் இருப்பார், மண்டையோட்டு மோதிரம் போட்டிருப்பார், மறையவே மாட்டார். அமெரிக்காவில் லீ ஃபால்க் 1936இல் உருவாக்கிய ஃபேண்டம் அவர்தான். அதே ஆளை முத்து காமிக்ஸ் வேதாளர் என்றது. எங்கள் தோட்டத்தில் மேல் லயன் முத்துக் கட்சி, கீழ் லயன் ராணிக் கட்சி. "மறையாதவன் எப்படிடா மாயாவி?" என்பது மேல் லயன் வாதம். "கரண்ட் புடிக்காம ஒண்ணும் செய்ய முடியாதவன் என்னா வீரன்?" என்பது கீழ் லயன் பதில். தண்ணீர்ப் பீலியில் தொடங்கிய இந்த விவாதம் ஒரு குடம் உடைந்ததோடு முடிந்தது. தீர்ப்பு இன்னும் நிலுவையில்.

ஸ்பைடரும் இருவர்தான். எங்களுக்குத் தெரிந்த ஸ்பைடர் நுனிக்காது வைத்த, தற்பெருமை பிடித்த ஒரு குற்றச் சக்கரவர்த்தி. பிறகு மனம் திருந்தியவர். அவர் 1965இல் பிறந்ததும் லயன் என்றே பெயர் கொண்ட ஓர் இங்கிலாந்து வாராந்தரியில். மருமகன் அனுப்பிய பெட்டியைப் பார்த்ததும் அவரென்று நினைத்துத்தான் மகிழ்ந்தேன். இது மற்றவர், அமெரிக்கர். நினைவிழந்து, உடம்பில் ரோமன் எழுத்தில் பதின்மூன்று என்று பச்சை குத்தியிருக்க, தான் யாரென்று ஊர் ஊராகத் தேடித் திரியும் இரத்தப் படலம் கதாநாயகனைப் பற்றியும் எழுத வேண்டும். செக்ரோல் நம்பர் மட்டும் உண்டு, பிரஜாவுரிமைப் பத்திரம் இல்லை என்ற நிலையை எங்கள் ஆட்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அது தனி ஆய்வு.

தரப்பகுப்பு

அமெரிக்காவில் காமிக்ஸ் புத்தகங்களைத் தரம் பார்ப்பதற்கென்றே 2000இல் ஒரு கம்பனி தொடங்கினார்கள். புத்தகத்தை அனுப்பினால் மூலை மடிந்திருக்கிறதா, பின் துருப்பிடித்திருக்கிறதா, யாராவது வாசித்த அடையாளம் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, பத்துக்கு இவ்வளவு என்று புள்ளி போடுவார்கள். பிறகு தடித்த பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து முத்திரையிட்டுவிடுவார்கள். அதன் பிறகு அதை வாசிக்க முடியாது. அதற்குத்தான் காசு.

ஊவாவுக்குப் போய்த் தரப்பகுப்பைச் சொல்லிக் கொடுக்க யாரும் தேவையில்லை. ஸ்டோரில் தேயிலையைச் சல்லடையில் அரித்து ஓ.பி., பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் என்று பிரிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஆகவே அமெரிக்க முறையை நிராகரித்து, காமிக்ஸுக்கு ஊவா முறையை முன்மொழிகிறேன். ஓ.பி. என்பது அட்டை, இரண்டு பின், எல்லாப் பக்கமும் உள்ள புத்தகம். இதை நான் கடையில் தொங்கத்தான் பார்த்திருக்கிறேன், எங்கள் கையில் அல்ல. நல்ல தேயிலையும் அப்படித்தான், பெட்டியில் அடைபட்டுக் கொழும்பு ஏலத்துக்குப் போகும். பி.ஓ.பி.யில் அட்டை இருக்கும், ஆனால் அதில் யாரோ சீனிக் கணக்கு எழுதியிருப்பார்கள். பி.ஓ.பி.எஃப்.பில் அட்டை கிடையாது, கதை மூன்றாம் பக்கத்தில் தொடங்கும், ஓரங்களில் கொழுந்துக் கறை படிந்த விரலடையாளம் இருக்கும். அடையாளத்தின் அகலத்தை வைத்தே எந்த வீட்டு அக்கா வாசித்தார் என்று சொல்லிவிடலாம்.

கடைசித் தரம் டஸ்ட். கடலை சுற்றி வந்த நாலு பக்கம், அரிசி மூட்டைக்கு அடியில் கிடந்த எட்டுப் பக்கம், முக்கியமாக முடிவு இல்லாதது. தோட்டத்து ஆட்களுக்குக் கிடைக்கும் தேயிலையும் தூள்தான். ஆனால் தேநீருக்கு நிறம் கொடுப்பது தூள் என்பதை எந்தச் சாயக்கடைக்காரரும் ஒத்துக்கொள்வார். எங்கள் காமிக்ஸ் அறிவு முழுவதும் டஸ்ட்டில் வடித்தது. ஒரு கதையில், கொள்ளையர் தலைவனின் முகமூடியைக் கழற்றக் கை நீளுகிற இடத்தில் பக்கம் கிழிந்திருந்தது. அந்த முகமூடிக்குப் பின்னால் யார் என்பதை எங்கள் லயனில் ஏழு பேர் ஏழு விதமாகச் சொன்னார்கள். ஒருவன் அது மாயாவியின் அண்ணன் என்றான். இன்னொருவன், அப்பாவிடம் கைக்காசு குறைத்துக் கொடுத்த ஒருவரின் பேரைச் சொன்னான். பக்கத்துக் காம்பிராத் தாத்தா தப்படிப்பவர், மாசி மாதம் காமன் கூத்துக்கு வேஷம் கட்டுபவர். அவர், முகமூடிக்குள்ளே இன்னொரு முகமூடி இருந்தது என்றார். பல வருடம் கழித்து மறுபதிப்பில் அந்தக் கதை முழுதாகக் கிடைத்தது. முகமூடிக்குப் பின்னால் இருந்தவன் ஒரு சாதாரண வங்கி மனேஜர். ஏழில் எதுவும் அதைவிட மோசமில்லை.

விலைக்கு வருவோம். சூப்பர்மேன் முதன்முதலாகத் தோன்றிய ஆக்ஷன் காமிக்ஸ் முதல் இதழ் 1938இல் 10 சதம். நல்ல நிலையிலுள்ள ஒரு பிரதி 2024இல் 60 இலட்சம் டொலருக்கு ஏலம் போனது. டொலர் 300 ரூபா என்று வைத்தால் 180 கோடி ரூபா. இதைத் தோட்டக் கணக்கில் சொல்லாவிட்டால் விளங்காது. 2024இல் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. 180 கோடியை அதனால் வகுத்தால் 13,33,333 பேர்; ஒரு நாட்சம்பளத்துக்குத் தோட்டத்தில் ஒரு பேர் என்றுதான் சொல்வோம். வருடத்துக்கு 300 நாள் தவறாமல் பெரட்டுக்குப் போனால் 4,444 வருடம். இலங்கையில் தேயிலைப் பயிர் தொடங்கியதே 1867இல்தான். ஆகவே என் அம்மா அந்தப் புத்தகத்தை வாங்க நினைத்திருந்தால், கரிகாலன் பிறப்பதற்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, தேயிலைச் செடி இல்லாத மலையில், கூடையை மாட்டிக்கொண்டு நின்றிருக்க வேண்டும்.

இந்தக் கணக்கை அம்மாவிடம் சொன்னேன். அவர் புத்தகத்தின் விலையைப் பற்றிக் கேட்கவில்லை. "அதை எழுதுனவருக்கு எவ்வளவு குடுத்தாங்க?" என்றார். சூப்பர்மேனை உருவாக்கிய ஜெரி சீகலும் ஜோ ஷஸ்டரும் 1938இல் அதன் முழு உரிமையையும் 130 டொலருக்கு விற்றார்கள். அந்த சீகலே பிற்காலத்தில் வயிற்றுப்பாட்டுக்கு இங்கிலாந்து லயனில் எங்கள் நுனிக்காது ஸ்பைடருக்குக் கதை எழுதினார். இதையும் சொன்னேன். "அப்பிடித்தான்" என்று வெற்றிலையைத் துப்பினார்.

உருவங்கள்

பாத்திர உருவங்கள் பற்றிய மேல்நாட்டு வரலாறு சுருக்கமானது. பையன்கள் பொம்மை வாங்கமாட்டார்கள் என்பதால் 1964இல் ஜி.ஐ. ஜோ என்ற படைவீரப் பொம்மையைப் பொம்மை என்று சொல்லாமல் வேறு பேர் வைத்து விற்றார்கள். 1977 நத்தாருக்கு ஸ்டார் வோர்ஸ் உருவங்கள் நேரத்துக்குத் தயாராகவில்லை. கென்னர் கம்பனி, பிறகு உருவம் தருவோம் என்ற உறுதிச்சீட்டை மட்டும் வைத்து விற்றது, மக்கள் வாங்கினார்கள். ஏழு பேர்ச் காணிக்கு உறுதிச்சீட்டு வாங்கி வைத்திருக்கிற தோட்டத்தார் இதைக் கேட்டு ஆச்சரியப்படமாட்டார்கள். அமெரிக்கப் பிள்ளைகளுக்குக் கடைசியில் உருவம் வந்து சேர்ந்தது என்பதுதான் வித்தியாசம். இப்போது லபுபு என்ற பொம்மை. உள்ளே எது என்று தெரியாமல் மூடிய பெட்டியை வாங்க வேண்டும். பெட்டிக்கடையில் அட்டையில் ஒட்டிய சீட்டைக் கிழித்து, இருபது முறைக்கு ஒரு முறை சீப்பு விழுந்த தலைமுறைக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை.

என் கருதுகோள் இதுதான்: சேகரிக்கத்தக்க பாத்திர உருவம் என்பது மலையகத்துக்கு வெளியிலிருந்து வந்ததல்ல. ஒவ்வோர் உருவத்துக்கும் ஒரு சக்தி, ஓர் ஆயுதம், ஒரு வேலை, ஓர் இடம்: இதுதானே இலக்கணம்? எங்கள் மதுரைவீரனைப் பாருங்கள். குதிரை, அரிவாள், முறுக்கு மீசை, இரண்டு பக்கமும் பொம்மியும் வெள்ளையம்மாளும். மூன்று உருவமும் சேர்ந்தால்தான் செட் நிறையும். (சாமி மன்னிக்கட்டும், இது ஆய்வு.) அதுவும் ஊரிலிருந்து கொண்டுவந்த சாமிகளோடு நிற்கவில்லை. புது வேலை வந்த இடத்தில் புது சாமியும் வந்தது. ஸ்டோரில் கொழுந்து உருட்டுகிற ரோதைக்கு ரோதமுனி. கவ்வாத்து வெட்டப் போகுமுன் கும்பிட கவ்வாத்துச்சாமி. மதுரையிலோ திருச்சியிலோ தேடினால் இவர்கள் கிடைக்கமாட்டார்கள். எந்த இயந்திரம் கையை விழுங்கும் என்று பயமோ அதற்கு ஒருவர், எந்தக் கத்தி காலை வெட்டும் என்று பயமோ அதற்கு ஒருவர்.

எங்கள் ஸ்டோர் ஓரத்தில் இருக்கும் ரோதமுனி ஒரு கல். குங்குமமும் எண்ணெயும் ஏறி ஏறிக் கறுத்துவிட்டது. முகம் இருந்த இடம் வழவழப்பாகிவிட்டது. ஷிப்டுக்குப் போகிறவர்கள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் போவார்கள். அமெரிக்கக் கம்பனிக்கு அனுப்பினால் பத்துக்கு அரை கூடப் போடமாட்டார்கள்.

மருமகனின் பெட்டியை என் வீட்டில் வைக்க முடியாது. இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆகவே தோட்டத்துக்குக் கொண்டுபோய் அம்மாவின் காம்பிராவில், தேயிலைப் பெட்டியில் வைத்தேன். உள்ளே ஈயத்தாள் ஒட்டிய பழைய பலகைப் பெட்டி அது; என் முத்து காமிக்ஸ் மிச்சங்களும் அதற்குள்தான். "திறக்கக் கூடாதாம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். தலையாட்டினார்.

ஆடியில் திருவிழாவுக்கு மருமகன் வந்தான். உடரட்ட மெனிக்கே ரயிலில் வந்து, 1924இலிருந்து மலைநாட்டு ரயில்பாதை முடிகிற பதுளை ஸ்டேஷனில் இறங்கி, நேரே லயனுக்கு வந்தான். நானும் கூடப் போனேன். கும்பிட்டுவிட்டு நிமிர்ந்தவன் அப்படியே நின்றுவிட்டான். சாமித் தட்டில், பிள்ளையார் படத்துக்கும் முருகன் படத்துக்கும் நடுவில், நெற்றியில் விபூதியும் காலடியில் ஒரு செவ்வந்திப் பூவுமாக ஸ்பைடர்மேன் நின்றார்.

"அம்மாயி!" என்றான். குரல் உடைந்துவிட்டது. "திறக்கக் கூடாதுன்னு சொன்னேனே!"

"கையையும் காலையும் கம்பியால கட்டிப் போட்டிருந்தாங்கடா தம்பி. பாக்கப் பாவமா இருந்திச்சி. அவுத்து விட்டேன்."

அவன் என்னைப் பார்த்தான். ஆய்வாளர் தரவுகளில் தலையிடுவதில்லை என்பதால் நான் சுவரைப் பார்த்தேன். அவன் கொடுத்தது 5,400 ரூபா என்று பிறகு சொன்னான். சரியாக நாலு பேர்.

அம்மாவுக்கு வேறொரு சந்தேகம் இருந்தது. இரண்டு மாதமாக விளக்குக் காட்டுகிறார், ஆனால் யாரென்று தெரியாமல்.

"இவரு எதுக்குச் சாமி?"

"சாமி இல்ல அம்மாயி. ஸ்பைடர்மேன். செவுத்துல ஏறுவாரு. கையில இருந்து வலை வரும், அதால எதையும் புடிச்சி நிறுத்துவாரு."

"கையில இருந்தா?"

"ஆமா."

"கூரையில ஏறுவாரா?"

"ஏறுவாரு."

"அப்பச் சரி. கச்சான் காத்துக்குத் தகரத்தைப் புடிச்சிக்கிட்டு இருக்கட்டும்."

ஊவாவில் ஆடி, ஆவணி மாதங்களில் மலையைத் தாண்டி இறங்கும் அந்த வறண்ட காற்றுதான் எங்கள் தேயிலைக்கு உலகம் விலை கொடுக்கிற வாசத்தை உண்டாக்குகிறது. கூரைத் தகரத்தைத் தூக்குவதும் அதே காற்றுதான். கொழுந்துக்கு, கவ்வாத்துக்கு, ரோதைக்கு எல்லாம் சாமி இருக்க, லயன் கூரைக்கு மட்டும் ஒருவரும் இல்லாத குறையை அம்மா இவ்வளவு காலம் மனதில் வைத்திருந்திருக்கிறார். அந்தப் பதவி இப்போது நிரப்பப்பட்டுவிட்டது.

அன்றிரவே காற்று வந்தது. பதினொரு மணிக்கு மேல் தகரம் படபடக்கத் தொடங்கியது. மருமகனும் நானும் ஏணி வைத்து ஏறி, பழைய டயரும் கருங்கல்லும் தூக்கி வைத்தோம். அவனுக்கு உள்ளங்கை கிழிந்தது. கீழே இருந்து அம்மா டோர்ச் அடித்தார். அது எங்கள் கைகளில் மட்டும் விழுந்தது. ஒரு தகரமும் போகவில்லை. காலையில் அம்மா புதுப் பூ வைத்தார், எங்களுக்கல்ல.

கொழும்புக்குக் கிளம்பும்போது மருமகன் கடைசியாக ஒரு முயற்சி செய்தான். உருவம் இருக்கட்டும், பெட்டியையாவது கொடுங்கள், பெட்டி இருந்தால் கொஞ்சமாவது மதிப்பு மிஞ்சும் என்றான். அம்மா தேயிலைப் பெட்டியைத் திறந்து காட்டினார். ஸ்பைடர்மேன் நின்ற அந்த பிளாஸ்டிக் முகத்துக்குப் பின்னால் அவருடைய ஈ.பி.எஃப். கடதாசிகள், அடையாள அட்டை, அப்பாவின் மரணப் பத்திரம், கோத்தகிரியிலிருந்து பெரியப்பா கடைசியாகப் போட்ட கடிதம் எல்லாம் ஒழுங்காக அடுக்கி, ரப்பர் பட்டி போட்டு இருந்தன. அவன் கையை நீட்டினான்.

"தொடாதடா" என்றார் அம்மா. "அது திறக்கக் கூடாத பெட்டி."